வாத்து வேட்டைக்குப் போன விசுக்கோத்து

வெட்டி முடிந்த பார்லி வயலில் மல்லாந்து படுத்திருக்கிறேன். உடம்பு முழுக்க வெள்ளை மேலங்கி. அரிந்த தாள்கள் முதுகைக் குத்துகின்றன. விடியப் போகிறது. கிழக்கில் ஒரு சாம்பல் கோடு மட்டும் தெரிகிறது.

என் வலது கை ஒரு நாயின் கழுத்துப்பட்டியை இறுக்கிப் பிடித்திருக்கிறது. நாயின் மேல் எங்கள் வீட்டுப் பழைய கட்டில் விரிப்பைப் போர்த்தியிருக்கிறேன். விரிப்புக்குள் அது நடுங்குகிறது. குளிரில் இல்லை, ஆவலில்.

எங்களைச் சுற்றி வயல் நிறைய வெள்ளைத் துணிப் பொம்மைகள். காற்று நுழைந்து உப்பி, மேய்கிற வாத்துகள் போல அசைகின்றன. எனக்கு இடப்பக்கம் என் சினேகிதி ஜிசேல். அவவுக்கு அப்பால் அவவின் தம்பி மார்செல். இரண்டு பேரின் கையிலும் துவக்கு.

முதலில் சத்தம்தான் வந்தது. தூரத்தில் ஒரு கலியாண மண்டபத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கிற மாதிரி ஒரு இரைச்சல். அது கிட்டக் கிட்ட வந்தது. பிறகு வானம் வெள்ளையாகியது.

காட்டு வாத்துகள். உடம்பெல்லாம் வெள்ளை, சிறகு நுனி மட்டும் கறுப்பு. வட்டமடித்து வட்டமடித்து எங்கள் பொம்மைகளை நோக்கி இறங்கின. ஒன்று நேரே என் முகத்துக்கு மேலே வந்தது. அதன் கால்கள் முன்னுக்கு நீண்டிருந்ததும், வயிற்றில் சேற்றுக் கறை இருந்ததும் தெரிந்தன.

மார்செல் எண்ணத் தொடங்கினார். மூன்று என்றதும் அக்காவும் தம்பியும் ஒன்றாக எழும்பிச் சுடவேண்டும் என்பது ஏற்பாடு.

அவர் மூன்றுக்குப் போகவில்லை. அதற்குள் கழுத்துப்பட்டி என் கையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

வாசகி கேட்ட கேள்வி

போன கிழமை தையல் தொழிற்சாலைக் கதையைப் படித்துவிட்டு, செயின்ட்-மிஷேலில் இருந்து ஒரு வாசகி போனில் கோல் எடுத்தா. "அக்கா, அந்தத் துணி வெட்டுற ஜிசேல் இப்ப எங்கை? உயிரோடை இருக்கிறாவோ?" என்று கேட்டா.

இருக்கிறா. நல்லாகவே இருக்கிறா.

போன கிழமையைத் தவறவிட்டவர்களுக்கு: எங்கள் நகரத்தின் அஹுன்ட்சிக் பகுதியில் நான் தைத்த தொழிற்சாலையில் துணி வெட்டியவ ஜிசேல். என்னைவிடப் பத்து வயது மூத்தவ. நான் தைக்க, அவ வெட்ட, ஒரே மேசையில் சாப்பிட்டு வளர்ந்த சினேகிதம் அது. தொழிற்சாலையைப் பூட்டினார்கள். சினேகிதத்தை யாரும் பூட்டவில்லை.

இலைகள் சிவக்கத் தொடங்கினால் ஜிசேலைப் பிடிக்க முடியாது. தம்பியையும் தன் நாயையும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு மேற்கே சஸ்காச்சுவானுக்குப் போய்விடுவா. வடதுருவப் பக்கம் குஞ்சு பொரித்த வாத்துகள் தெற்கே போகிற வழியில் அந்த வயல்களில்தான் இறங்கி மேயும். அவற்றை வேட்டையாடப் போவா. திரும்பி வரும்போது எனக்கும் இறைச்சி வரும்.

அந்தப் பயணத்தில் நானும் ஒரு நாள் போய்ப் படுப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். போனதற்குக் காரணம் ஒரு நாய்.

விசுக்கோத்து

எங்கள் மகள் ஆரணி ஒரு நாள் லாப்ரடோர்க் குட்டி ஒன்றோடு வீட்டுக்கு வந்தாள். மஞ்சள் நிறம், பெட்டை. பேர் பிஸ்கொத் என்றாள். பிரெஞ்சில் அது ரஸ்க் மாதிரி ஒரு பண்டம்.

என்னுடைய மனுசன் அதை ஒருமுறை வாயில் சொல்லிப் பார்த்தார். "அப்ப விசுக்கோத்து எண்டு வைச்சிருக்கலாமே" என்றார். ஊரில் பிஸ்கட்டுக்கு நாங்கள் சொல்கிற பேர். அதுவே நிலைத்துவிட்டது.

பிறகு ஆரணிக்கு வேலை கிடைத்தது. ஊர் முழுக்க வீடு மாறுகிற ஜூலை முதலாம் தேதியில் அவளும் நகர மத்தியில் ஒரு அறைக்கு மாறினாள். அங்கே நாய் வைத்திருக்க விடமாட்டார்கள். "கொஞ்ச நாளைக்கு அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கொஞ்ச நாள் வருசங்களாகிவிட்டது.

முதல் மாதம் நான் அதைத் தொடவே இல்லை. சாப்பாட்டுக் கிண்ணத்தைக் காலால் தள்ளிவிடுவேன். ஆனால் இவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போய்விடுவார். தொழிற்சாலை பூட்டியதால் நான் வீட்டில் தனிய. யாரோடு கதைப்பது? வெங்காயம் உரிக்கும்போது அதோடு கதைக்கத் தொடங்கினேன்.

ஆரணி பழக்கிய பிரெஞ்சு எல்லாம் அதற்கு மறந்துபோனது. என்னுடைய குசினித் தமிழ் பழகிவிட்டது. "இரு" என்றால் இருக்கும். "விடு" என்றால் விடும். "எடு" என்றால் கண்ணுக்கு முன்னால் என்ன கிடக்கிறதோ அதைக் கவ்விக்கொண்டு வந்து என் மடியில் வைக்கும். காலுறை, சப்பாத்து, ஒருமுறை பாதிப் பூசணிக்காய்.

ஆற்றங்கரையில்

எங்கள் ரொக்ஸ்பரோவுக்குப் பின்னால் ஓடுகிற ஆற்றுக்குப் பிரேரி ஆறு என்று பேர். பேரில்தான் புல்வெளி, கரை நெடுக வீடுகள். பனி உருகுகிற காலத்தில் அந்தக் கரைப் பூங்காவில் வாத்துகள் வந்து நிற்கும்.

ஒரு வசந்த காலைப் பொழுதில் இவர் நாயை அங்கே நடத்திக்கொண்டு போனார். வாத்துகளைக் கண்டதும் அது பாய்ந்தது. கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்த இவரும் கூடப் பாய்ந்தார். விழுந்த இடம் கல்லு. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. கட்டுப்போட்ட கையை மேசையில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"நான் உந்த நாயைப் பிழை சொல்லேல்லை ஸ்டெல்லா. மிருகம், வாத்தைக் கண்டா ஓடத்தான் செய்யும். ஆனா எனக்கு இனி ஏலாது. இன்னொருக்கா விழுந்தா பஸ் ஓட்ட விடமாட்டாங்கள்."

ஆற்றுக்கு அக்கரையில் லாவாலில் இவருடைய சினேகிதர் ஒருவர் குடும்பத்தோடு புது வீட்டுக்குப் போக இருந்தார். இரண்டு பிள்ளைகள், பெரிய வளவு. நவம்பரில் வீடு கைக்கு வரும். வந்ததும் நாயை அவர்களுக்குக் கொடுப்பது என்று முடிவானது.

இவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நானும் தலையாட்டினேன். அன்றைக்குச் சமைத்ததில் உப்புப் போட மறந்துவிட்டேன் என்று பிறகு சாப்பிடும்போதுதான் தெரிந்தது.

வேலை இல்லாத நாய்

அந்த வாரமே ஜிசேல் இவருடைய கையைப் பார்க்க வந்தா. நடந்ததைச் சொன்னேன். அவ கீழே குந்தியிருந்து நாயின் வாயைத் திறந்து பார்த்தா, நெஞ்சைத் தடவிப் பார்த்தா.

"இது கெட்ட நாய் இல்லை" என்று பிரெஞ்சில் சொன்னா. "இது வேலை இல்லாத நாய். இந்தச் சாதி நாய்க்கு வாத்து எடுக்கிறதுதான் தொழில். நீங்கள் அதை வீட்டிலே வைத்துச் சும்மா சாப்பாடு போடுகிறீர்கள்."

அவவுடைய சொந்த நாய் அந்தக் குளிர்காலத்தில்தான் கிழடாகிச் செத்திருந்தது. கோடை முழுக்க இதைப் பழக்கி, இலையுதிர்காலத்தில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றா.

சனிக்கிழமைகளில் அவவின் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வெளிக்குப் போவோம். துணிப் பொட்டலத்தில் வாத்துச் சிறகைக் கட்டி அவ எறிவா. பிரெஞ்சில் அவ கத்துவா. நாய் என் முகத்தைப் பார்க்கும். நான் "எடு" என்றால்தான் ஓடும். எடுத்துக்கொண்டு அவவைத் தாண்டி என்னிடம்தான் வரும்.

ஒரு மாதத்தில் ஜிசேல் கையை விரித்துவிட்டா. "ஸ்டெலா, நீயும் வந்தால்தான் சரி. இதுக்கு உன்னுடைய பாஷைதான் விளங்குது."

வீட்டில் சொன்னேன்.

"விசரே உமக்கு?" என்றார் இவர். "வாத்துச் சுடப் போறீரோ?"

"நான் சுடேல்லை. நாயைப் பிடிக்கப் போறன்."

"நாயைப் பிடிக்கிறதுக்கு சஸ்காச்சுவானுக்கு ஏன்? இஞ்சை பிடிக்க ஏலாமத்தானே என்ரை கை முறிஞ்சது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. ஆனால் நான் கேட்க வந்ததைக் கேட்டேன்.

"ஒருக்காப் போய்ப் பாக்கிறன். அங்கை ஒழுங்கா நிண்டு வேலை செய்தா, உது எங்களோடை இருக்கட்டும். சரிவராட்டிக் குடுப்பம். பேந்து நான் ஒரு கதையும் கதைக்கமாட்டன்."

அவர் முறிந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

"சரி. சொன்ன சொல்லிலை நிப்பீர்தானே?"

"ஓம்" என்றேன்.

துவக்குச் சத்தம்

இந்த இடத்தில் எல்லாரும் ஒன்று கேட்பார்கள். திருகோணமலையில் இருந்து வந்தவ, துவக்குச் சத்தத்தை எப்படித் தாங்கினா?

தாங்கவில்லை. ஜிசேல் பழக்கத்துக்காக முதல்முறை சுட்டபோது நான் நின்ற இடத்திலேயே கீழே குந்திவிட்டேன். எழும்ப நேரம் எடுத்தது.

ஜிசேல் கை கொடுத்துத் தூக்கிவிட்டா. அடுத்த முறையிலிருந்து சுடுவதற்கு முன்னால் என்னைத் திரும்பிப் பார்ப்பா. நான் தலையசைத்தால்தான் சுடுவா. யார் சுடுகிறார், எதைச் சுடுகிறார், எப்போது சுடுகிறார் என்று தெரிந்து கேட்கிற சத்தம் வேறு. அந்த வித்தியாசத்தைக் காது பழக ஒரு கோடை போதுமாக இருந்தது. நெஞ்சுக்கு இன்னும் கொஞ்சம் கூட எடுத்தது.

மேற்கே

நாள்கணக்கில் ஓடினோம். ஒன்ராறியோ முடியவே முடியாது என்று நினைக்கிற அளவுக்குப் பாறையும் மரமும் ஏரியும். மார்செல்தான் ஓட்டினார். அதிகம் கதைக்காத மனுசன். பின் சீற்றில் நானும் விசுக்கோத்தும்.

ஒருமுறை கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். "இதுக்கு எத்தனை வயது?"

சொன்னேன்.

"பழக்கக் கொஞ்சம் பிந்திவிட்டது" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அடுத்த பெற்றோல் நிலையம் வரை ஒரு சொல் இல்லை.

பிறகு ஒரு காலையில் மரங்கள் நின்றுவிட்டன. தரையும் வானமும் மட்டும். எனக்கு அந்த வெளி கடலைப் போல இருந்தது. கண் ஓடுகிற தூரத்துக்கு ஒன்றும் மறிக்கவில்லை.

ஒரு கமக்காரரின் பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். பின்னேரங்களில் பிக்கப்பில் சுற்றி, வாத்துகள் எந்த வயலில் இறங்குகின்றன என்று பார்ப்போம். பிறகு அந்த வயல்காரரின் கதவைத் தட்டி அனுமதி கேட்போம். "தாராளமா" என்பார்கள். மறுநாள் இருட்டோடு போய்ப் பொம்மைகளை நடுவோம்.

அப்படிப் போன முதல் காலைதான் நான் மேலே சொன்னது.

முதல் காலை

நாய் பாய்ந்ததும் இறங்கிக்கொண்டிருந்த கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் மேலே கிளம்பியது. ஆயிரக்கணக்கான சிறகு ஒன்றாக அடித்த காற்று எங்கள் முகத்தில் பட்டது. ஒரு வெடி கூட வைக்கவில்லை. விசுக்கோத்து வயலின் அந்தம் வரை ஓடி, ஒரு துணிப் பொம்மையைக் கவ்விக்கொண்டு, வாலை ஆட்டியபடி என்னிடம் வந்தது.

அன்றைக்கு அந்த வயலுக்கு வேறு கூட்டம் வரவில்லை.

மார்செல் கத்தவில்லை. துவக்கிலிருந்து தோட்டாக்களைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "நாளைக்கு நாய் வண்டிக்குள் இருக்கட்டும்."

ஜிசேல் எனக்காகக் கதைக்க வாயெடுத்தா. நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

பொம்மைகளைச் சுருட்டிக் கட்டி ஏற்றினோம். வீட்டுக்கு வந்ததும் களஞ்சியத்துக்குப் பின்னால் போய் நின்று இவருக்குக் கோல் எடுத்தேன். நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன், அழுகை வந்துவிட்டது. ஐம்பது வயது தாண்டியவ, ஒரு நாய்க்காக, ஊர் தெரியாத ஒரு வெளியில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

"சாப்பிட்டனீரோ?" என்றார்.

"இல்லை."

"குளிருக்கை நில்லாமல் உள்ளுக்குப் போய்ச் சாப்பிடும்" என்றார்.

வண்டிக்குள்

மறுநாள் அக்காவும் தம்பியும் வயலில் படுத்திருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் வேலியோரம் மறைத்து நிறுத்திய பிக்கப்புக்குள் இருந்தோம். காற்று எங்கள் பக்கம் வீசியது. மூச்சுப் படிந்து கண்ணாடி மங்கியதால் கொஞ்சம் இறக்கிவிட்டேன். விசுக்கோத்து என் தொடையில் தலையை வைத்து நித்திரை.

ஒரு சின்னக் கூட்டம் இறங்கியது. காற்றுக்கு மேலாகக் கேட்கவேண்டும் என்று மார்செல் பலத்த குரலில் எண்ணினார். எங்களுக்கும் கேட்டது.

"ஆன்... ஏ டு..."

நித்திரையாகக் கிடந்த நாய் துள்ளி எழும்பியது. சீற்றில் கிடந்த என் கையுறையைக் கவ்வி என் மடியில் வைத்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளியே வெடிச்சத்தம் கேட்டது. இரண்டு வாத்துகள் விழுந்தன. ஆனால் வயலில் இல்லை, அப்பால் இருந்த குட்டையின் நாணலுக்குள். மார்செல் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நெடுநேரம் தேடினார். வெறுங்கையோடு திரும்பினார்.

பிறகு அடுத்த கூட்டம். மறுபடியும் அந்த எண்ணிக்கை. "ஆன்... ஏ டு..."

மறுபடியும் கையுறை என் மடியில்.

பிரெஞ்சில் ஒன்று, பிறகு இரண்டு என்று எண்ணுகிறார் மனுசன். அந்த ‘ஏ டு’வைத்தான் விசுக்கோத்து "எடு" என்று கேட்டிருக்கிறது. கோடை முழுக்க ஜிசேல் தனியச் சுட்டா. எண்ணவேண்டிய தேவை இருக்கவில்லை. முதல் காலையில் அது குழப்படி செய்யவில்லை. சொன்ன வேலையைத்தான் செய்யப் போயிருக்கிறது.

அந்த வண்டிக்குள் இருந்து நான் தனியச் சிரித்த சிரிப்பை யாராவது கண்டிருந்தால் பயந்திருப்பார்கள்.

குசினியில்

மார்செல் நம்பவில்லை. நனைந்த காலுறைகளை அடுப்புக்குப் பக்கத்தில் காயப்போட்டுக்கொண்டே தலையை ஆட்டினார். "நாய்க்குத் தமிழ் என்கிறாய். சரி. என் பிரெஞ்சு எப்படித் தமிழாகும்?"

"செய்து பார்" என்றா ஜிசேல்.

மார்செல் தொப்பியைக் கழற்றித் தரையில் போட்டார். நாய் மூலையில் படுத்திருந்தது. நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"ஆன்" என்றார். நாய் அசையவில்லை.

"ஏ டு."

தொப்பி என் மடிக்கு வந்துவிட்டது.

அவர் அதைத் திரும்பத் தரையில் போட்டார். மறுபடியும் சொன்னார். மறுபடியும் வந்தது. மூன்றாம் தரம் அவருக்குச் சொல்லி முடிக்க முடியவில்லை. அந்தப் பேசாத மனுசன் சுவரில் சாய்ந்து, கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு கீழே குந்தி நாயின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மன்னித்துக்கொள், மதாம்" என்றார்.

ஜிசேல் எண்ணிக்கையை ஆங்கிலத்துக்கு மாற்றலாம் என்றா. மார்செல் சம்மதிக்கவில்லை. "நாய் தமிழ் என்றால் தமிழிலேயே எண்ணுவோம். சொல்லித் தா."

ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று சொல்லிக்கொடுத்தேன். அவர் நாக்கு மடியவில்லை. ஒந்து, ரெந்து, மூந்து என்றுதான் வந்தது. கோப்பை கழுவும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வடக்குக் காற்று

கடைசிக் காலை. வடக்கிலிருந்து காற்று மாறி வீசியது. பனித்தூள் பக்கவாட்டில் பறந்தது. "இன்றைக்கு வரும்" என்றா ஜிசேல்.

நான் விரிப்பைப் போர்த்தி நாயை என்னோடு அணைத்துப் படுத்தேன். அதன் காதுக்குள் "இரு" என்று ஒரு தரம் சொன்னேன். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கழுத்துப்பட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பிடித்து வைத்திருந்தால் அது நின்றதாகாது என்று எனக்குத் தோன்றியது.

வந்தன. காற்றுக்கு எதிரே தாழப் பறந்து, வயலின் ஒரு அந்தத்திலிருந்து மற்ற அந்தம் வரை ஒரே வெள்ளையாக வந்தன. இரைச்சலில் என் மூச்சு எனக்கே கேட்கவில்லை. தலைக்கு மேலே சிறகை மடக்கிச் சரிந்து சரிந்து இறங்கின. விசுக்கோத்தின் நெஞ்சு என் விலாவில் இடித்துக்கொண்டிருந்தது.

"ஒந்து" என்றார் மார்செல்.

நாயின் காது அசைந்தது.

"ரெந்து."

அசையவில்லை.

"மூந்து."

இரண்டு பேரும் எழும்பினார்கள். வெடி. மறுபடி வெடி. வாத்துகள் எங்களைச் சுற்றி விழுந்தன. ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் பொத்தென்று விழுந்தது. விசுக்கோத்து முன்னங்காலை மட்டும் தூக்கியது. தூக்கிய காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

சத்தம் அடங்கும் வரை பொறுத்தேன். ஜிசேல் துவக்கைச் சரித்துவிட்டுத் தலையசைத்தா.

"எடு" என்றேன்.

அது ஓடிய ஓட்டத்தை என்னால் எழுத முடியாது. ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததற்கு ஓடியது. பொம்மைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஜிசேல் கிடந்தவற்றை எண்ணிவிட்டு நிமிர்ந்தா. "ஒன்று குறைகிறது. சிறகில் பட்டது. குட்டைப் பக்கம் சரிந்து போனதைக் கண்டேன்."

நானும் கண்டிருந்தேன். நாணலின் இடப்பக்கம். அங்கே போய் நின்று கையை நீட்டிக் காட்டினேன். கரையில் மெல்லிய ஐஸ் படிந்திருந்தது. விசுக்கோத்து ஐஸை உடைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நீந்தியது. நாணலுக்குள் மறைந்தது.

நேரம் போனது. நாணல் அசையவில்லை. காற்றில் பனி கனத்தது.

மார்செல் என் பக்கத்தில் வந்து நின்றார். "கூப்பிடு, ஸ்டெலா. தண்ணி நல்ல குளிர். ஒரு வாத்துக்காக நாயை விடவேண்டாம்."

வாய் வரை பேர் வந்தது. கூப்பிட்டால் உடனே வந்துவிடும், எனக்குத் தெரியும். ஆனால் அது உள்ளே எதன் பின்னாலோ போய்க்கொண்டிருக்கிறது. கூப்பிட்டால் வெறுங்கையோடு வரச் சொன்னவ நானாகிவிடுவேன்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவருக்கு விளங்கியது.

பிறகு ஜிசேல்தான் கண்டா. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில் இல்லை, குட்டையின் மறுகரையில். சேறு பூசி, உடம்பு பாதியாக ஒட்டிப்போய், வாயில் உயிரோடு சிறகடிக்கிற ஒரு பெரிய வெள்ளை வாத்து. சிறகு முகத்தில் அறைய அறைய, கண்ணை மூடிக்கொண்டு நடந்தது. குட்டையைச் சுற்றிக்கொண்டு வந்து, என் முன்னால் குந்தியிருந்து, முகத்தை நிமிர்த்தியது.

"விடு" என்றேன். என் கையில் விட்டது.

ஜிசேல் வாத்தை வாங்கி, நோகவிடாமல் விரைவாக முடித்தா. நான் மேலங்கியைக் கழற்றி நாயைச் சுற்றித் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அது என் கன்னத்தை நக்கியது. மார்செல் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு காலமாக இங்கே வாறேன்" என்றார். "இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை."

எனக்கு அந்த வெளி முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தவேண்டும் போல இருந்தது. கத்தினேன். அங்கே கேட்பதற்கு யாரும் இல்லை. அக்காவும் தம்பியும் கூடச் சேர்ந்து கத்தினார்கள்.

மத்தியானம்

கொண்டுபோயிருந்த கறித்தூளைப் போட்டு வாத்துக் கறி வைத்தேன். வாத்து இறைச்சி அவியப் பொறுமை வேண்டும். சட்டி கொதிக்கிற நேரத்தில் இவருக்குக் கோல் எடுத்தேன். மார்செல் மேசைக்கு அந்தப் பக்கம் கையை வீசி வீசி ஜிசேலுக்கே நடந்த கதையைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணிக்கை, வடக்குக் காற்று, மறுகரை. மூச்சு விடாமல் சொன்னேன். கடைசியில், "அப்ப லாவாலுக்குக் குடுக்கிறேல்லைத்தானே?" என்று கேட்டேன்.

"அவைக்கு நான் அப்பவே சொல்லிப்போட்டன்" என்றார்.

"எப்ப?"

"நீர் அழுது கோல் எடுத்த அண்டைக்கு. போனை வைச்ச கையோடை அவருக்கு எடுத்து, வேறை நாய் பாக்கச் சொல்லிப்போட்டன்."

நான் சட்டியைக் கிளறுவதை நிறுத்தினேன்.

"அண்டைக்கு எல்லாம் பிழைச்சுப் போச்சுதெண்டெல்லோ சொன்னனான்?"

"ஓம். அதுக்கென்ன? நீர் உப்பிடி அழுது நான் இவ்வளவு காலத்திலை கேட்டதில்லை." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "அவளை நல்லாத் துடைச்சு விட்டனீரோ? தடிமன் பிடிக்கப் போகுது" என்றார்.

ஜிசேல் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டா. நான் பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் பிரெஞ்சு தீர்ந்துபோய்த் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவவுக்கு ஒரு சொல்லும் பிடிபட்டிராது. அகப்பையை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டா.